கபிதேன் வண்டியை அணைப்பதில்லை

யார் வீட்டு வாசலில் நின்றாலும் கபிதேன் வண்டியை அணைப்பதில்லை. இன்ஜினை ஓடவிட்டு இறங்கி, சைலன்சர் வாயைப் பனி அடைத்திருக்கிறதா என்று பூட்ஸ் காலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் நோயாளியைத் தூக்க வருவார். எங்கள் வடக்குக் கஜகஸ்தானில் ஜனவரியில் அணைத்த வண்டி மறுபடி எழுந்திருக்கும் என்று யாரும் நம்புவதில்லை. "தூங்குனா எழுப்பிக்கலாம்க்கா. இது செத்துல்ல போகுது!" என்பார் என்னிடம்.

சாரிபுலாக் சுகாதார நிலையத்துக்கு ஒரே வண்டி, ஒரே டிரைவர். நான் பிரசவ நர்ஸ். கபிதேன் ஆள் கதவளவு அகலம். குரல் மட்டும் பள்ளிக்கூடப் பிள்ளையுடையது. எந்நேரமும் சூரியகாந்தி விதை கொறிப்பார். தோலைக் கீழே துப்பமாட்டார், தொப்பிக்குள் சேர்ப்பார்.

பழைய வண்டிக்கு அடியில் தணல் சட்டி வைத்து, உறைந்த எண்ணெயை இளக்கி, அதன் பரம்பரையையே திட்டிக் கிளப்புவார். போன வருஷம் வந்த புதியதில் சாவித் துளையே இல்லை. சாவி நம்மிடம் இருந்தால் போதும். பொத்தானை ஒரு தொடு தொட்டால் ஓடும். முதல் நாள் தொட்டுவிட்டுக் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "இவ்வளவு சுலபமா ஒத்துக்கிட்டா எங்கயோ கோளாறு இருக்குக்கா."

அந்தச் சாவிக்குள் பொட்டுப்போல ஒரு பாட்டரி. குளிரில் அதுவும் விறைத்துவிடும். ஆகவே ஆட்டுத்தோல் கோட்டின் உள்பையில், நோயாளிகளுக்கு நான் தெர்மாமீட்டர் வைக்கும் அக்குளுக்குப் பக்கத்தில், சாவியை வைத்திருப்பார்.

இந்த ஜனவரியில், தொலைவில் உள்ள ஒரு பண்ணை வீட்டில் குல்தானாவுக்கு வலி கண்டது. முதல் பிரசவம், குழந்தை குறுக்கே கிடந்து அப்போதுதான் திரும்பியிருந்தது. மாவட்ட ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். வண்டியில் ஏற்றும்போது அவள் மாமனார் வெறும் சட்டையோடு பனியில் நின்று அவள் கையை விடமாட்டேன் என்றார். கபிதேன் தன் கோட்டைக் கழற்றி அவர்மேல் போர்த்தி, வீட்டுக்குள் தள்ளினார். "உள்ள போங்க பெரியவரே. பேரன் வர்றப்ப நீங்க சளி கட்டிப் படுத்துக்கிட்டா யாரு ஆடு அறுக்கிறது?"

கோட்டோடு சாவியும் போயிற்று. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்ததால் வண்டி கிளம்பிவிட்டது. சாவியைக் காணோம் என்று கீச்சிடத்தான் செய்தது. அது பெல்டுக்கும் கீச்சிடும், கதவுக்கும் கீச்சிடும். யார் கேட்பது?

பாதி வழியில் புயல் பிடித்தது. பானெட்கூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. இன்ஜினை ஓடவிட்டபடியே வண்டியை நிறுத்தினார். போனில் சிக்னல் இல்லை. குழந்தையோ காத்திருக்கத் தயாராக இல்லை. கொஞ்ச நேரத்தில் உள்ளே புகை நாற்றம். பனி சைலன்சரை மூடுகிறது என்று புரிந்தது. விட்டால் மூன்று பேரும் தூக்கத்திலேயே போய்விடுவோம்.

"அணைப்பா இன்ஜினை!"

கபிதேன் விதை எடுக்கப் பைக்குக் கை கொண்டுபோனவர், கம்பளிச் சட்டையைத் தடவியபடி அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"அணைச்சா இனி எந்திரிக்காதுக்கா. சாவி பெரியவர் முதுகுல இருக்கு."

இன்ஜின் இல்லாவிட்டால் சூடு இல்லை. சூடு இல்லாவிட்டால் பிறக்கிற பிள்ளை அந்தக் குளிரில் எவ்வளவு நேரம் தாங்கும் என்பது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, கம்பளிச் சட்டையோடு இறங்கிப் பின்பக்கம் போனார்.

"நல்லதாப் போச்சு. அந்த ஆளு இருந்தா நான் பெத்துக்க மாட்டேன்" என்றாள் குல்தானா, பல்லைக் கடித்துக்கொண்டு.

என் இரண்டு கையும் அவளிடம் இருந்தன. காது மட்டும் வெளியே. சரக், சரக் என்று மண்வெட்டி. வாரிய இடத்தைக் காற்று உடனே நிரப்பும், மறுபடி சரக். வானம் மொத்தமும் ஒரு பக்கம் கொட்டிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் ஒரு கம்பளிச் சட்டை. நடுவில் ஒரு தடவை சத்தம் நின்றது.

"அண்ணே! செத்துட்டியா?" என்று கத்தினாள் அவள்.

"நீ உன் வேலையப் பாரு தங்கச்சி!"

மறுபடி சரக். அதற்குப் பிறகு உள்ளே புகை நாற்றம் வரவே இல்லை. என் மூக்கு அதை நம்ப நேரமாயிற்று. பெண் குழந்தை பிறந்தது, சிவப்பாக, நல்ல குரலோடு. தாயின் வயிற்றின்மேல் வைத்துப் போர்த்தினேன்.

காற்று தணிந்ததும் பனி வாரும் வண்டி ஒன்று வந்தது. அதன் பின்னாலேயே ஆஸ்பத்திரி சேர்ந்தோம். தாயையும் பிள்ளையையும் உள்ளே விட்டுவிட்டு வெளியே வந்தேன். கபிதேனின் காது மடல்கள் குளிரில் விறைத்து மெழுகு போல வெளுத்திருந்தன. தேய்க்கக் கையைத் தூக்கினார்.

"தேய்க்காதே. உள்ள வா, நான் பாக்கறேன்."

"பண்ணைக்குப் போன் போட்டுட்டேன், சாவி வர்றவரைக்கும் இத யாரும் அணைச்சிடக் கூடாதுக்கா. அதுக்குள்ள வேற வீட்டுல கூப்பிட்டா? நமக்கு வேற வண்டி ஏது?"

காவலாளி, புகை வருகிறது, அணை என்றான். கபிதேன் வண்டியை வேலியோரம் தள்ளி நிறுத்தினாரே தவிர அணைக்கவில்லை. என் சால்வையை அவர் தலையைச் சுற்றிக் காது மூடக் கட்டினேன். குழந்தையைப் போல நின்றார். சமையலறையிலிருந்து பால் விட்ட டீ வாங்கிவந்து நீட்டினேன். இடது கையால் வாங்கிக்கொண்டார். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் வைத்ததுபோல் வலது உள்ளங்கை பானெட்டின்மேல் இருந்தது. டீ முடியும்வரை அதை எடுக்கவில்லை.