ஓடைக்கரைப் புல்

“நிறுத்துங்கடி! ஏ டெய்சி, வெட்டாத!”

சண்முகவள்ளி தக்காளிச் செடிகளுக்கிடையே விழுந்தடித்து ஓடிவந்தாள். ஓடைக்கரையில் நூறு நாள் வேலைப் பெண்கள் நிமிர்ந்தார்கள். கரைப் புல்லில் பாதி வேரோடு மல்லாந்து கிடந்தது.

“நல்லது செய்ய வந்தா அடிக்க வாரியேக்கா,” என்றாள் டெய்சி, மண்வெட்டியை ஊன்றி. “பாம்பு வளக்குறியான்னு ஊரே சிரிக்குது. உன் பேரு கெடக்கூடாதுன்னு சோறு திங்குற நேரத்துல வந்து செதுக்குறோம்.”

சேவுகம்பட்டிப் பக்கம் கரையும் வரப்பும் மழித்த தலைபோல இருந்தால்தான் விவசாயியை நல்ல சம்சாரி என்பார்கள். சண்முகவள்ளியும் அப்படித்தான் செதுக்கிக்கொண்டிருந்தாள். முந்தின வருஷத்து ஐப்பசியில் அவள் போட்ட யூரியா ஒரே மழையில் ஓடைக்குள் இறங்கியது. கீழே சோலைமலை மீன் வளர்க்கும் குட்டை பாசி பிடித்துப் பச்சையாயிற்று. பிறகு மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன.

சண்டைக்கு வருவார் என்று அவள் காத்திருந்தாள். சோலைமலை வந்தார். கையில் வெட்டிவேர் நாற்று ஒரு கட்டு.

“கரையோரமா நட்டு வையி தாயி. ஓடுற உரத்தப் புல்லு குடிச்சுக்கிடும். எனக்குத் தெளிஞ்ச தண்ணி வரும்.”

அவள் கொடுத்த மோரைக் குடித்துவிட்டுப் போனார். ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அதற்காகவே அவள் அந்தப் புல்லுக்குக் குடம் குடமாய்த் தண்ணீர் சுமந்தாள். போன மழைக்கு மீன் பிழைத்தது.

இப்போது மலைப்பக்கம் கறுத்திருந்தது. யூரியா நேற்றுத்தான் போட்டிருந்தாள்.

எல்லாவற்றையும் மூச்சு வாங்கச் சொல்லி முடித்தாள்.

“இத மொதல்லயே சொன்னா வாய் தேஞ்சிருமாக்கும்,” என்று டெய்சி சேலையைத் தூக்கிச் செருகினாள். “வேரு உசுரோடதான் கெடக்கு. பிரிச்சு நடுங்கடி.”

“பாம்பு வந்தா?” என்றாள் ஒருத்தி.

“உன்னயப் பாத்தா அது ஓடிரும். நீ நடு.”

தூர்களின் தாளை நறுக்கி, பிரித்து நெருக்கி நட்டார்கள். நறுக்கிய தாளைக் கட்டுக் கட்டாக, மழைத்தண்ணீர் அரிக்காதபடி நட்டதற்கு முன்னால் அடுக்கிக் குச்சி அடித்தார்கள். தூறல் விழுந்தது. ஒருத்தியும் கரையேறவில்லை. சண்முகவள்ளி தக்காளியைப் பறித்து ஒவ்வொருத்தி மடியிலும் கொட்டினாள்.

ராத்திரி மழை பெய்தது. மறுநாள் காலை ஓடையில் தண்ணீர் ஓடியது. வயலிலிருந்து வந்த வண்டல் புல்லைத் தாண்டாமல் மேட்டுப்பக்கமே தங்கியிருந்தது. சில நாற்றுகள் சாய்ந்திருந்தன. நிமிர்த்தி மண் அணைத்தாள். சோலைமலை குட்டையில் தவிடு தூவினார். மீன்கள் வந்து தின்றன. டெய்சியும் மற்றவர்களும் வேறு வாய்க்காலுக்கு வேலைக்குப் போனார்கள். சண்முகவள்ளி தக்காளிக் கூடையோடு வத்தலக்குண்டு பஸ்ஸில் ஏறினாள்.