ரைஃபிளுக்கு ஒரு மூக்குக்கண்ணாடி

போன வாரம் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்குள் ஏர் ரைஃபிளோடு நுழைந்தேன்.

கொள்ளையடிக்க அல்ல. கண்ணைச் சோதித்துக்கொள்ள.

நீளப் பையின் ஜிப்பைத் திறந்ததும் கவுன்ட்டரில் இருந்த பெண் எழுந்து நின்றுவிட்டாள். “அண்ணே… ஓனர் உள்ளதான் இருக்காரு” என்று ஒரு நொடி யோசிக்காமல் முதலாளியைக் காட்டிக் கொடுத்தாள். ரைஃபிளைக் கொண்டு வரச் சொன்னதே அந்த ஓனர்தான். அதை அவளிடம் சொல்ல மறந்திருக்கிறார்.

நான் ஏன் அங்கே போனேன் என்பதற்கு ஆறு மாதம் பின்னால் போக வேண்டும்.

எங்கள் ஊர் ரைஃபிள் கிளப்பில் நான் உறுப்பினர். ஞாயிறு காலை பத்து மீட்டர் தூரத்தில் உள்ள அட்டையைச் சுடுவோம். அட்டை எங்களை ஒன்றும் செய்யாது என்பதால் தைரியமாகவே சுடுவோம். மதுரைப் போட்டிக்கு மூத்தோர் அணி ஒன்று அனுப்புவதாக முடிவானது. மூன்று பேர். இரண்டு இடம் உடனே நிரம்பிவிட்டது. மூன்றாவது இடத்துக்கு இரண்டு பேர் — நானும், என் மனைவி ரோஸியின் தம்பி ஜேசுராஜும்.

ஜேசுராஜை நான் மாப்ளே என்றுதான் கூப்பிடுவேன். மாப்ளேக்கு நிலக்கோட்டையில் பூக்கடை. நான் எழுதும் இந்தப் பக்கத்தை வாரம் தவறாமல் எடுத்து வைப்பார் — மல்லிகையைப் பொட்டலம் கட்ட. அவர் சுடுவது கிளப்பின் பொது ரைஃபிளில். அதன் கட்டையில் யாரோ ஒருவர் காம்பஸால் தன் காதலியின் பெயரைக் கீறி வைத்திருக்கிறார். அப்படிப்பட்ட ரைஃபிள்.

எனக்கோ சொந்த ரைஃபிள். ஆனாலும் வாராவாரம் கடைசி இடம் எனக்கே. கடைசி இடக்காரர் எல்லோருக்கும் வடை வாங்கி வர வேண்டும் என்பது கிளப் வழக்கம். என் ஸ்கூட்டர் வளைவில் திரும்பும்போதே வடைக்கார அக்கா பேப்பரை எடுத்துவிடுவார்.

குறி தப்புகிறதா? கருவியில் கோளாறு. படித்தவன் வேறு எப்படி யோசிப்பான்?

முதலில் ஒரு ஸ்கோப் வாங்கினேன், ரைஃபிள் மேல் மாட்டுகிற தொலைநோக்கி. கோச் ஸ்டீபன் சார் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி அதைப் பார்த்தார்.

“சார், பத்து மீட்டர் போட்டியில ஸ்கோப்புக்கு அனுமதி கிடையாது. வாங்குறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?”

கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் வாங்கியிருக்க முடியாதே! இப்போது அதைக் கழற்றி மொட்டை மாடியில் வைத்திருக்கிறேன். எங்கள் ஊர் மலைக்கோட்டை மேல் கடலை தின்கிறவர் தோலை எங்கே போடுகிறார் என்பது வரை தெரிகிறது.

அடுத்தது பீப் சைட். கண்ணருகே சின்னத் துளை, குழலின் நுனியில் ஒரு வளையம். துளை வழியே பார்த்தால் வளையத்துக்குள் அட்டையின் கறுப்பு வட்டம் நடுவாக உட்கார வேண்டும். ஏற்கெனவே என் ரைஃபிளில் அது இருந்தது. ஆனால் என் வளையம் வட்டமாகத் தெரியவில்லை. பக்கவாட்டில் பார்த்த இட்லி மாதிரி தெரிந்தது. அதுவும் ஓரம் கலங்கிய இட்லி. ஆகவே புது வளையம். பிறகு துளையைப் பெரிசாக்கிச் சிறிசாக்கும் கருவி. பிறகு அதற்கு மஞ்சள் ஃபில்டர்.

இட்லி மஞ்சளாகத் தெரிந்தது.

மிச்சமிருந்தது ட்ரிகர். லேசாக அழுத்தினால் போதும் என்று இருந்தால் கை ஆடாது என்று எங்கோ படித்தேன். திருகாணியைத் திருகினேன். இன்னும் கொஞ்சம் திருகினேன். அந்த ஞாயிற்றுக்கிழமை குறி பார்க்க ரைஃபிளை உயர்த்தி, விரலை வைக்கலாமா என்று நினைத்தேன். நினைத்தேன், அவ்வளவுதான். டப்! அட்டை மாட்டியிருந்த மரச்சட்டத்தில் குண்டு பதிந்தது.

“மச்சான், இன்னைக்கு உங்க துப்பாக்கி உங்களையே முந்திக்கிருச்சு! நீங்க வீட்டுல இருங்க, அடுத்த வாரம் அதை மட்டும் அனுப்பி வைங்க” என்றார் மாப்ளே.

ஸ்டீபன் சார் சிரிக்கவில்லை. ரைஃபிளை வாங்கித் திருகாணியைப் பழைய இடத்துக்கே கொண்டு போனார். “இனிமே நீங்க ஸ்க்ரூ டிரைவரைத் தொடக்கூடாது சார்” என்றார். தேர்வுக்கு இருந்தது இன்னும் இரண்டே ஞாயிறு.

அன்று மத்தியானம் சோபாவில் ஒருக்களித்துப் படுத்து டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். செய்தி வாசிக்கிறவர் முகம் இட்லியாக இருந்தது.

“ரோஸி, டிவி ரிப்பேரா?”

“எனக்கு நல்லாத்தானே தெரியுது? எழுந்து உக்காந்து பாருங்க.”

உட்கார்ந்தேன். முகம் நேரானது. படுத்தேன். இட்லி. தலையை மட்டும் சாய்த்தேன். இட்லி! ரைஃபிள் கட்டையில் கன்னத்தை வைத்து நான் சாய்க்கிற அதே சாய்ப்பு…

இப்படித்தான் ரைஃபிளோடு கண்ணாடிக் கடைக்கு வந்து சேர்ந்தேன். ஓனர் ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர். சுவரைப் பார்த்துக் குறி வைக்கச் சொன்னார். என் முகத்துக்குப் பக்கத்தில் குனிந்து நான் போட்டிருந்த கண்ணாடியை வெகுநேரம் பார்த்தார்.

“ஏனுங்க, இது தூரம், கிட்ட ரெண்டுக்கும் சேர்த்துப் போட்ட கண்ணாடிங்க. மேல பாத்தா ரோடு, கீழ பாத்தா பேப்பர். ரெண்டு ஓரமும் புறம்போக்குங்க, எதுவும் தெளிவாத் தெரியாதுங்க. நீங்க தலையைச் சாய்ச்சு புறம்போக்கு வழியாவே சுட்டுக்கிட்டு இருக்கீங்க.”

ஆறு மாதமாக ஸ்கோப்பையும் வளையத்தையும் ட்ரிகரையும் சந்தேகப்பட்டேன். மூக்கின் மேல் உட்கார்ந்திருந்ததை ஒரு தடவைகூடச் சந்தேகப்படவில்லை. போட்டோ சரியாக வராதவர் புது போன் வாங்குகிறார். சாம்பார் கரிந்தால் புது குக்கர். நாம் எல்லோருமே கடையில் கிடைப்பதைத்தான் முதலில் மாற்றிப் பார்க்கிறோம் இல்லையா?

சுடுவதற்கென்று ஒரு சாதாக் கண்ணாடி. ஒரே பவர், புறம்போக்கே கிடையாது. நேற்று தேர்வு. மஞ்சள் ஃபில்டரைக் கழற்றி வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தேன். வளையம்… வட்டமாக இருந்தது! கம்பி மாதிரி தெளிவான வட்டம். அதை ரசித்ததில் முதல் குண்டு கொஞ்சம் விலகியது. மற்றவை கறுப்புக்குள் ஒன்றை ஒன்று ஒட்டி உட்கார்ந்தன.

மூன்றாவது இடம் எனக்கு. வடை மாப்ளே கணக்கில். அவர் வாங்கி வந்ததில் ஓட்டை இல்லாத வடை ஒன்றை எனக்கென்று பொறுக்கி வைத்திருந்தார். ஓட்டையை நானே போட்டுக்கொள்வேனாம். சூடாக இருந்தது.

“மச்சான், எனக்கும் கொஞ்ச நாளா அந்த வளையம் கலங்கலாத்தான் தெரியுது. என்ன செஞ்சீங்க? எங்கிட்ட மட்டும் சொல்லுங்க!”

சொந்தமல்லவா, மனசு கேட்கவில்லை. சாயங்காலமே ஸ்கோப்பைத் துடைத்து அவருக்கு அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டேன்.

கண்ணாடி விஷயத்தைச் சொல்லவில்லை. அடுத்த வருடமும் தேர்வு வரும்… நல்லவேளை, இந்தப் பக்கத்தை மாப்ளே மல்லிகை கட்ட மட்டும்தான் பிரிக்கிறார்.