லண்டனுக்குப் பறந்த கருவேப்பிலை

கருவேப்பிலையை உருவிய விரலில் வாசனை நெடுநேரம் நிற்கும். லண்டன் எவ்வளவு தூரம் என்பதை நான் அந்த வாசனையைக் கொண்டுதான் அளந்தேன், நண்பர்களே.

1930களின் நடுப்பகுதி... லண்டனில் சட்டம் படித்துத் திரும்பி, மலாக்காவில் வக்கீலாகத் தொழில் தொடங்கியிருந்தேன். உடன் படித்த நண்பன் இறுதித் தேர்வு பாக்கியோடு அங்கேயே இருந்தான். அவன் தாயாரை நான் பெரியம்மா என்றே அழைப்பேன். மலாக்காவுக்குப் பக்கத்து ஊரான மெர்லிமாவில் அவர்களுக்கு மளிகைக்கடை.

ஏரோப்ளேன் தபாலில் அவன் கடிதம் வந்தது. சாப்பாடு இறங்கவில்லை, தேர்வும் வேண்டாம், அடுத்த மாதம் கப்பலேறிவிடுவேன் என்று.

பெரியம்மா என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"தம்பி, ஏரோப்ளேன் சீமைக்குப் போக எத்தன நாளு?"

"சுமாரா பத்து நாள், பெரியம்மா. உறுதியாச் சொல்ல முடியாது."

"வக்கீல்கிட்ட கேட்டா இப்படித்தான்லா! ராத்திரியும் பறக்குமா?"

"பறக்காது. எங்கயாவது இறங்கிடும். ஐரோப்பாவுல கொஞ்ச தூரம் ரயில்ல வேற..."

"என்னது, ஏரோப்ளேன் ரயில் ஏறுதா? இதுக்கு நம்ம மாட்டுவண்டியே தேவலாம்!"

சிரித்தார். பிறகு குரல் தணிந்தது.

"புத்தி சொல்லி எழுதினா கேக்கமாட்டான். நம்ம வீட்டுச் சமையல் அவன் மூக்குல ஏறணும். பத்து நாளு எது தாங்கும்?"

தபாலில் ஊறுகாய் ஜாடி போகாது. கொல்லையிலிருந்து ஒரு கொத்துக் கருவேப்பிலை பறித்து வந்தார். அதைக் கடிதத்துக்குள் மடித்து வைத்தேன்.

இன்னொரு கொத்தை அதேபோல் உறையிலிட்டு என் மேசை இழுப்பறையில் வைத்தேன். சாட்சி இல்லாமல் எதையும் ஒப்புக்கொள்ளாத தொழில் அல்லவா! தேசப்படத்தில் நூல் பிடித்தும் பார்த்தேன். சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்கு நேர்கோட்டில் ஏறத்தாழ ஏழாயிரம் மைல். ரங்கூன், கல்கத்தா, கராச்சி, பாக்தாத் என்று வளைத்தபோது நூல் போதவில்லை.

பத்தாம் நாள் உறையைப் பிரித்தேன். இலை சருகாகியிருந்தது. வாசனை இருந்தது. மெர்லிமாவுக்கே போய்ச் சொன்னேன்.

"ஆனா என் இழுப்பறையில பாலைவனத்து வெயில் அடிக்கல, பெரியம்மா."

"வாய மூடுறா!" என்றார். கண் மட்டும் கலங்கியிருந்தது.

பதில் வர மேலும் பத்துப் பன்னிரண்டு நாள். நான்தான் படித்துக் காட்டினேன். 'இலை கறுத்துவிட்டது, அம்மா. கவரைக் கிழித்ததும் நம் அடுப்படி வந்தது. அன்றைக்கு ரொட்டியோடு அதையும் மென்று தின்றேன். பரீட்சை எழுதிவிட்டே வருகிறேன்.'

பெரியம்மா கேட்டது ஒன்றுதான்: "காம்பையுமா தின்னான்?"

இப்போது என் பேத்தி கோலாலம்பூரில் இரவு விமானம் ஏறினால் மறுநாள் காலை லண்டனில் இறங்குகிறாள். எதையாவது கட்டிக் கொடுக்கலாமென்றால், "அங்க கடையிலயே கருவேப்பிலை கிடைக்குது தாத்தா" என்கிறாள். உண்மைதான், மறுப்பதற்கில்லை.

ஆனாலும் அவள் புறப்படும் நாளில் ஒரு கொத்துப் பறித்து மேசைமேல் வைக்கிறேன். சேர்ந்துவிட்டேன் என்று அவள் போனில் சொல்லும்போது அதை எடுத்துப் பார்க்கிறேன்.

இலை இன்னும் வாடவே தொடங்கியிருப்பதில்லை.