கழித்துக் கட்டிய பஸ்

முதலிபாளையம் பனியன் கம்பெனி ஒன்றில் முனீஸ் செக்கிங் சூப்பர்வைசர். துணியில் குறை கண்டால் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி, ரிஜெக்ட் என்று ஒதுக்கிவிடுவார். வீட்டிலும் அந்தக் கண்ணுக்கு ஓய்வில்லை.

மகள் தர்ஷிகாவுக்கு சினிமாவில் வரும் ராக்கெட்டைக் கட்டும் பிளாக்ஸ் செட் வாங்கி வந்தார். முன்பெல்லாம் சதுரக் கட்டைகளில் நினைத்ததைக் கட்டலாம். இப்போது ஒவ்வொரு கட்டைக்கும் ஒரே இடம், அதற்குத் தொண்ணூறு பக்கச் செய்முறைப் புத்தகம். அவ்வளவு முன்னேற்றம்!

தர்ஷிகா கட்டியதோ அப்பா வேலைக்குப் போகும் கம்பெனி பஸ்.

"என்ன தாயி, அட்டைப் படத்துல இப்படியா இருக்கு?" சட்டைப் பையிலிருந்து எடுத்துப் பதினொரு அம்பு ஒட்டிவிட்டு, பஸ்ஸைப் பிரிக்கக் கை நீட்டினார்.

"ரிஜெக்ட்டாப்பா?"

"பின்ன?"

"நான் போட்டிருக்கிற சட்டையும் நீங்க ரிஜெக்ட் பண்ணி வீட்டுக்குக் கொண்டு வந்ததுதானே? அப்ப இதுவும் எனக்குத்தான்."

முனீஸ் கையை இழுத்துக்கொண்டார்.