விறகில் போட்ட சாக்பீஸ் கோடு

தெருவுக்கு அவள் தையற்காரம்மா. முன்னறை ஜன்னலை ஒட்டி மெஷின், மேலே கம்பியில் இன்னும் கை தைக்காத சட்டைகள், கழுத்தில் எந்நேரமும் இன்ச் டேப். தூக்கத்தில்கூட அதைக் கழற்றமாட்டாள் என்று கணவர் கேலி செய்வார். லாரி ஓட்டிக்கொண்டிருந்த மனிதர். ஒரு நாள் சுமை இறக்கும்போது முதுகு போயிற்று. இனி குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். காலையில் ஒரு அண்டா வெந்நீர் முதுகில் விழுந்தால்தான் அவரால் நிமிர்ந்து நிற்க முடியும். கொல்லை அடுப்பு அதற்காகவே எரிந்தது. அடுப்புக்கு விறகு வேண்டும்.

விறகு பிளந்து தருவது அவருடைய தம்பி. அடுத்த தெருவில் சைக்கிள் கடை வைத்திருந்தான். கூப்பிட்டால் வருவான், குறை சொல்ல முடியாது. ஆனால் கூப்பிட வேண்டும். விறகு தீர்ந்து கொல்லை துடைத்துவிட்டதுபோல் கிடப்பது கண்ணெதிரே தெரிந்தாலும், “வாயத் தொறந்து கேட்டாத்தானே அண்ணி தெரியும்” என்பான். கேட்டு, மறுபடி கேட்டு, ஒரு வழியாக வந்து பிளந்து போட்டானென்றால் அன்று மாலைக்குள் தெருக்கோடி வரை சேதி போய்விடும்: தான் இல்லாவிட்டால் அண்ணன் வீட்டில் அடுப்பே எரியாதாம். கெட்டவன் இல்லை. வாய் மட்டும் காது வரை.

அந்த வாயைக்கூட அவள் பொறுத்துக்கொள்வாள். பொறுக்க முடியாதது வேறு. கொல்லையில் கோடாலிச் சத்தம் கேட்டதும் கணவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக் கண்ணை மூடிக்கொள்வார். தூங்குகிறவரின் கை அப்படிப் போர்வையைப் பிடித்துக் கசக்காது.

ஒரு காற்றுமழையில் கொல்லை மரம் சாய்ந்தது. ஆள் வைத்து அறுத்து, துண்டு துண்டாகப் போட்டு வெயிலில் காயவிட்டார்கள். காய்ந்த குவியலை ஒரு நாள் கொழுந்தன் வந்து சுற்றிப் பார்த்தான். இரண்டு கிளை பிரிகிற இடத்தில் அறுத்த கவைக்கட்டையைக் காலால் தட்டி, “இதெல்லாம் பொம்பளைங்க கைல அடங்காது. சொல்லுங்க, சாவகாசமா வரேன்” என்றான். அவள் சொல்லவில்லை. இனி யாரிடமும் கேட்பதில்லை என்று அன்றே முடிவு கட்டிவிட்டாள்.

முடிவு கட்டுவது சுலபம், கட்டை பிளப்பதல்லவா பாடு! தையற்காரி செய்கிற தப்பைத்தான் அவளும் செய்தாள். கட்டையின் வெட்டுமுகத்தை டேப்பால் அளந்து, துணிக்குப் போடும் சாக்பீஸால் நடுவில் நேர்க்கோடு கிழித்து, கோட்டின் மேலேயே கோடாலியைப் போட்டாள். கோடு என்னவோ அழகுதான். கட்டை அதை மதிக்கவில்லை. கோடாலி நடுவில் பாதி இறங்கி, பிடித்த பிடியில் நின்றது. இழுத்தால் கட்டையும் கூட வந்தது. காலை ஊன்றி இழுத்ததில் கோடாலி விட்டது, அவள் மல்லாந்து விழுந்தாள். பக்கத்து வீட்டு மாடியில் யாரோ சிரித்தார்கள். உள்ளங்கை கொப்பளித்து, ஊசி பிடிக்கவே எரிந்தது. அன்று விறகுக்குப் பதில் வெறும் சிராய்தான் அடுப்புக்குப் போனது.

வழி கிடைத்தது மெஷின் முன்னால். தலையணை உறைக்குத் துணி கிழித்துக்கொண்டிருந்தாள். ஓரத்தில் கத்தரியால் ஒரு சின்ன வெட்டு, இரு பக்கமும் பிடித்து ஓர் இழுப்பு. நூல் ஓடுகிற வழியே சர்ரென்று கடைசி வரை போனது. கை அப்படியே நின்றது. துணியை யாராவது நடுவிலிருந்து கிழிப்பார்களா? கிழித்தது கிழித்தபடி கிடக்க, கொல்லைக்கு ஓடினாள்.

கட்டைகளைக் குனிந்து பார்த்தாள். வெயிலில் காய்ந்ததில் ஒவ்வொன்றிலும் வெடிப்பு விட்டிருந்தது, விளிம்பிலிருந்து உள்நோக்கி. மரம் தானே கோடு போட்டு வைத்திருக்க, அதன் மேல் இவள் வேறொரு கோடு போட்டிருக்கிறாள்! தன் மடத்தனத்தை நினைத்துத் தனியாக நின்று சிரித்தாள். பிறகு வெடிப்பின் மேலேயே சாக்பீஸை ஓட்டி, விளிம்பில் இரும்பு ஆப்பை வைத்துச் சுத்தியலால் தட்டினாள். கட்டை முனகியது. இன்னும் ஓர் அடி போட்டதும் இரண்டாய் விழுந்தது. அவளுக்கு ஆடவேண்டும் போலிருந்தது.

அதன்பின் தினமும் தையலுக்கு நடுவே கொஞ்சம் பிளந்தாள். கவைக்கட்டையை மட்டும் கடைசிக்கு வைத்திருந்தாள்.

நாள் கடந்தும் அழைப்பு வராததில் கொழுந்தனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் கோடாலியோடு தானே வந்தான். குவிந்திருந்த விறகைப் பார்த்ததும் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. ஒன்றும் கேட்காமல் நேரே கவைக்கட்டைக்குப் போய், கிளை பிரிகிற இடத்தில் ஓங்கிப் போட்டான். கோடாலி சிக்கியது. ஆட்டினான், அசைத்தான், வியர்த்துக் கொட்டியது. ஒருவழியாகப் பிடுங்கி மறுபடி ஓங்கினான்.

“தம்பி, தள்ளி நில்லு. உங்க அண்ணி பொளக்கட்டும்.”

கதவருகே கணவர் நின்றிருந்தார். கோடாலிச் சத்தம் கேட்டு அவர் கொல்லைக்கு வந்தது அதுதான் முதல் தடவை. அவள் ஆப்பையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு வந்தாள்.

கட்டையைத் தலைகீழாகப் புரட்டினாள். அடிப்பக்கத்தில் மயிரிழைபோல் ஒரு வெடிப்பு ஓடியது. அதன்மேல் சாக்பீஸ் ஓட்டி, ஆப்பு வைத்து அடித்தாள். அசையவில்லை. கொழுந்தன் வாய் திறக்கப் போனான். அண்ணன் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான். பக்கத்தில் இன்னொரு ஆப்பை இறக்கி, மூச்சைப் பிடித்து ஓர் அடி கொடுத்தாள். படாரென்று கட்டை பிளந்து, உள்வைரம் சிவப்பாகத் தெரிந்தது. மாடியில் இப்போது யாரும் சிரிக்கவில்லை.

விறகை அவள் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, கணவர் நின்றபடியே இடுப்புயர மேடையில் அடுக்கினார். லாரியில் பாரம் அடுக்கிப் பழகிய கை. ஒரு துண்டுகூடச் சரியவில்லை. மாலையில் தெருக்கோடி வரை சேதி போனது. இந்த முறை கொண்டுபோனவர் அவர்.

சில வாரம் கழித்து கொழுந்தன் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றான். தள்ளுவண்டியில் முடிச்சு முடிச்சாக ஒரு முண்டுக்கட்டை. வெயில் அதிகம் என்றான், சைக்கிள் வியாபாரம் மந்தம் என்றான், மறுபடியும் வெயிலுக்கே வந்தான். அவள் தையலிலிருந்து தலை தூக்கவில்லை.

“வாயத் தொறந்து கேட்டாத்தானே தம்பி தெரியும்.”

உள்ளே கணவர் வாய்விட்டுச் சிரித்தார். அந்த வீட்டில் அந்தச் சிரிப்பைக் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

“கோடு மட்டும் போட்டுக் குடுங்க அண்ணி” என்றான் கொழுந்தன்.

அவள் சாக்பீஸை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.