காலுக்கு மட்டும் மரியாதை

சென்ற சனிக்கிழமை தாராவியில் ஒரு பெண் பார்க்கும் வைபவத்துக்குப் போயிருந்தேன். பெண்ணைப் பார்க்கத்தான் கூப்பிட்டிருந்தார்கள். வந்தவர்கள் அதிகம் பார்த்தது பெண்ணுடைய அண்ணனின் செயற்கைக் காலை!

பெண்ணின் மூத்த அண்ணன் பாத்திரக்கடை செல்லத்துரை எனக்குப் பல வருடப் பழக்கம். அவர் தம்பி முத்துக்குமார் ராணுவத்தில் ஹவில்தார். எல்லையில் ஒரு கண்ணிவெடியில் இடது கால் முட்டிக்குக் கீழே போய்விட்டது. ராணுவ ஆஸ்பத்திரியில் செயற்கைக் கால் பொருத்தினார்கள். அங்கேயே மனநல டாக்டர் ஒருவரும் அவரைப் பார்க்கிறார். அவர் தரும் மாத்திரையால்தான் முத்துக்குமார் இப்போது அலறாமல் தூங்குகிறார்.

முதல் விஷயம் ஏரியாவுக்கே தெரியும். இரண்டாவது... உஷ்!

கால் போனது கௌரவம். சால்வை போர்த்தலாம், ஃபோட்டோ எடுக்கலாம். தூக்கம் போனது? குடும்ப மானப் பிரச்சினை. ஆகவே அந்த மாத்திரைகள் கால்சியம் டப்பாவுக்குக் குடிமாறிவிட்டன. முட்டிக்கு மேலே போகக் கூடாது என்று உத்தரவு வாங்கிக்கொண்டா கண்ணிவெடி வெடித்தது?

அன்று பகல் பன்னிரண்டுக்கு அந்த டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட். டப்பாவும் காலி.

"ஏல முத்து, இன்னிக்கு ஒருநா போவாட்டா என்னல?" சமையலறை வாசலில் செல்லத்துரை பல்லைக் கடித்தார். "மாப்பிள்ள வீட்டுக்காரவோ கேட்டா என்னத்தச் சொல்லச் சொல்லுத?"

"மாத்திர தீந்துட்டுண்ணே. இன்னிக்கு விட்டா திரும்ப எப்பன்னு தெரியாது. ராத்திரிய நெனச்சாலே பயமா இருக்கு."

"தங்கச்சி வாழ்க்கையப் பாரு. ஃபால்தூ பேச்சு பேசாம உக்காரு."

உட்கார்ந்தார்.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பாவும் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர் — போரில் தோளில் குண்டு வாங்கியவர். மனிதர் வாயே திறக்கவில்லை. அவருக்கும் சேர்த்து மனைவி பேசினார்.

"இவுகளுக்கு மிலிட்டரி டிசிப்ளின் இன்னும் போவல. ராத்திரி பூரா தூங்க மாட்டாவ. கதவு பூட்டிருக்கான்னு எந்திரிச்சு எந்திரிச்சுப் பாப்பாவ. குக்கர் விசில் அடிச்சா ஒடம்பு வெறச்சுப் போயி நிப்பாவ. பக்கா சோல்ஜர்!"

சபை மெச்சியது. செல்லத்துரை கும்பிடே போட்டார்.

அடுத்து அந்த அம்மாள் காலைப் பார்க்க ஆசைப்பட்டார். செல்லத்துரையே குனிந்து தம்பியின் பேன்ட்டைச் சுருட்டிவிட்டார் — கடையில் புது மாடல் காட்டுகிற அதே சுறுசுறுப்பு.

"தட்டிப் பாருங்கக்கா. ஃபாரின் மெட்டீரியல்!"

தட்டிப் பார்த்தார்கள். குழந்தைகளும் தட்டின. முத்துக்குமார் கடிகாரத்தைப் பார்த்தார். பேன்ட்டை இறக்கிவிட்டுக்கொண்டு எழுந்தார்.

"நான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புதேன்."

"காலுக்கு ஆயில் போடணும்லா... அதுக்குத்தான்," என்று முந்திக்கொண்டார் செல்லத்துரை.

ஆயில்! ஸ்கூட்டர் சர்வீஸ் மாதிரி.

"காலுக்கு இல்லண்ணே." முத்துக்குமார் மாப்பிள்ளையின் அப்பாவைப் பார்த்துச் சொன்னார்: "மனநல டாக்டர்ட்ட போறேன் சார். கண்ண மூடுனா வெடிச் சத்தம் கேக்கும். மாத்திர போட்டாத்தான் தூக்கம். இதுக்காக என் தங்கச்சி வேண்டாம்னா, இப்பவே சொல்லிருங்க."

செல்லத்துரை கேசரித் தட்டுக்குள் எதையோ தேடினார்.

மாப்பிள்ளையின் அப்பா முதல்முறையாக வாயைத் திறந்தார்.

"ரிட்டயர் ஆனவங்களையும் அந்த டாக்டர் பாப்பாரா, தம்பி?"

"பாப்பாரு சார். வாங்க."

அவ்வளவுதான். செருப்பை மாட்டிக்கொண்டு, முத்துக்குமாரின் பின்னாலேயே மாடிப்படி இறங்கிவிட்டார் மனிதர்.

அந்த அம்மாள் வாசலுக்கு ஓடினார். "ஏங்க, நீங்க எதுக்குப் போறிய? உங்களுக்குத்தான் ரெண்டு காலும் நல்லாருக்கே!"

நாட்டுக்கும் அதே சந்தேகம்தான்.