விலக்குப் பட்டியல்

நான் லேசில் யாரையும் நம்புகிறவள் இல்லை. காய்க்காரர் ஒரு கை கறிவேப்பிலை கூடுதலாகப் போட்டால்கூட எதற்குப் போடுகிறார் என்று யோசிப்பேன். கீரமங்கலம் கடைத்தெருவில் ஜெராக்ஸ், டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலியும் ஒரே கம்ப்யூட்டரில்தான் அடிக்கிறோம். அடிக்கிறோம் என்றால், அடிப்பது ஏழு வருஷமாக என்னிடம் வேலை பார்க்கும் பெண். நான் பக்கத்தில் நின்று கத்துவேன்.

ஒருநாள் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் பென் டிரைவைத் தூக்கிக்கொண்டு வந்தார். "இதுல உள்ள ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டா நிக்குதுங்க, தொறக்கவே மாட்டேங்குது. இங்கிட்டுப் போட்டதுக்கு அப்பறந்தான். பிள்ளைங்க மார்க்கு பூரா இதுலதான் இருக்கு."

கடையில் நாலு பேர் நின்றார்கள். எனக்கு மானம் போயிற்று. அந்தப் பெண் சாப்பாட்டு நேரத்தில் தன்னுடைய பென் டிரைவைச் செருகிப் பாட்டுக் கேட்பாள். எனக்கு அது எப்போதுமே உறுத்தல்.

"ஒன் பாட்டுலேருந்துதான் வைரஸ் ஏறியிருக்கு" என்றேன்.

"நான் இல்லக்கா."

"பின்ன, பேயா வந்து ஏத்திட்டுப் போச்சு?"

டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போனவள்தான், திரும்பி வரவில்லை. எனக்கு வாய் சும்மா இருந்ததா? பக்கத்துக் கடைக்காரரிடமும் போய், அவளைச் சேர்த்தால் ஜாக்கிரதை என்று சொல்லிவைத்தேன். இந்த வேலைக்கு எங்கள் தெருவில் இருப்பதே மூன்று கடை.

இரண்டு நாள் கழித்து வேறொரு சந்தேகம் பிடித்துக்கொண்டது. அவளே ஏற்றினாள் என்று வைத்துக்கொண்டாலும், ஆன்டிவைரஸ் என்ன செய்துகொண்டிருந்தது? திரை மூலையில் பச்சை டிக் போட்டுக்கொண்டு நன்றாகத்தான் உட்கார்ந்திருந்தது. புதுக்கோட்டையில் அதை எனக்கு விற்ற ஆளுக்குப் போன் போட்டேன். சோதித்துப் பார்க்க வழி உண்டு என்றார். கெடுதல் செய்யாத ஒற்றை வரி ஒன்று இருக்கிறதாம். அதை எழுதி ஒரு ஃபைலாக வைத்தால் எந்த ஆன்டிவைரஸும் வைரஸ் என்று கூச்சல் போட வேண்டுமாம். கெடுதல் செய்யாது என்று அவர் சொன்னதையே நான் நம்பவில்லை. இருந்தாலும் அவர் அனுப்பிய வரியை அடித்து டி டிரைவில் வைத்தேன்.

சத்தமே இல்லை. பச்சை டிக் அப்படியே இருந்தது.

"என்னங்க, பொம்மையையா வித்தீங்க?" என்று போனில் பாய்ந்தேன்.

"டெஸ்க்டாப்ல வச்சுப் பாருங்க மேடம்."

வைத்த நொடியில் சிவப்புப் பெட்டி குதித்து வந்து ஃபைலைத் தூக்கியது. பென் டிரைவில் வைத்தேன். மறுபடியும் சத்தமில்லை.

"விலக்குப் பட்டியலைத் திறங்க மேடம். இதையெல்லாம் பாக்க வேணாம்னு நீங்க சொல்லிவச்சது அதுல இருக்கும்."

திறந்தேன். டி டிரைவ் மொத்தமும் இருந்தது. பென் டிரைவ் வந்து நிற்கும் ஈ டிரைவும் இருந்தது.

அடிப்பாவி, என் கைதான். தை மாத முகூர்த்த நெருக்கடியில், டி டிரைவில் இருந்த எங்கள் பழைய தமிழ் டைப்பிங் சாஃப்ட்வேரை ஆன்டிவைரஸ் தினமும் வைரஸ் என்று தூக்கிப் போட்டது. ஒவ்வொரு பென் டிரைவையும் அலசி முடிப்பதற்குள் வந்தவர்கள் முணுமுணுத்தார்கள். "அந்த ஒரு ஃபைலை மட்டும் விடச் சொல்லலாம்க்கா" என்றாள் அவள். எனக்கு ஏது பொறுமை? மவுஸைப் பிடுங்கி இரண்டு டிரைவையும் மொத்தமாகச் சேர்த்துவிட்டேன். அன்றையிலிருந்து கடைக்கு வந்த யாருடைய பென் டிரைவிலிருந்து வேண்டுமானாலும் ஏறியிருக்கலாம்.

அவளைத் தேடிப் போனபோது யாருடைய தோட்டத்திலோ கூலிக்கு மல்லிகை பறித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். கை நிற்காமல் கேட்டாள்.

"அந்த ஆன்டிவைரஸ மூணு தடவ சோதிச்சுப் பாத்தீங்க. என் பென் டிரைவ ஒரு தடவ வாங்கிப் பாத்தீங்களாக்கா?"

எனக்கு வெட்கமாக இருந்தது. மறுநாள் அந்த வாத்தியாரையும் பக்கத்துக் கடைக்காரரையும் கடையில் நிற்க வைத்து, தப்பு என்னுடையது என்று சொன்னேன். அதற்கப்புறமும் ஒரு வாரம் கழித்துத்தான் வந்தாள். நேராக விலக்குப் பட்டியலைத் திறந்தாள். புதிதாக நான் எதையாவது சேர்த்திருக்கிறேனா என்று என் கண் முன்னாலேயே பார்த்துவிட்டு, அப்புறம்தான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.